கடலுக்கு மேல் ஒரு பென்சில் பிரமிடு: கையால் ஸ்டீரியோ அட்டை செய்த பதிவு

ஸ்டீரியோ அட்டை, அதாவது கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஆழம் தெரியவைக்கும் அட்டை, வேலை செய்துவிட்டது. லென்ஸ் பெட்டியில் கண்ணை வைத்தால் பினாங்குத் தீவின் பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் எடுத்த கடல் பின்னோக்கி விரிகிறது. அதற்கு முன்னால், எதிலும் ஒட்டாமல், பென்சிலால் வரைந்த இரட்டைப் பிரமிடு ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. செலவு நூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் உள்ளே. எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். ஆழம் முழுவதும் அதற்குப் பிறகு போட்டது.

மூலம் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப். 1918இல் நியூயார்க்கை விட்டு புவனோஸ் ஐரிஸ் போன அவர், கடல் காட்சி உள்ள ஒரு ஸ்டீரியோ ஸ்லைடை எடுத்து அதன் இரண்டு பாதியிலும் பென்சிலால் இப்படியொரு பிரமிடை வரைந்து வைத்தார். ஒவ்வொரு படமும் 5.7 செ.மீ. சதுரம்தான். இப்போது அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேமரா பிடிக்க வேண்டிய ஆழத்தைக் கையால் போடுவது அன்றைக்குக் குறும்புபோலத் தெரிந்திருக்கலாம். ஆனால் இந்த அட்டைகளைப் பார்க்கும் ஸ்டீரியோஸ்கோப் கருவியின் பிறப்பே அப்படித்தான். ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் தன் கருவியை விளக்கியபோது புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. அவர் கண்ணுக்கு வைத்ததெல்லாம் கோட்டுப் படங்கள்.

அதனால் இந்த அட்டையில் மென்பொருளுக்கு வேலை குறைவு. எங்கே அது தேவை, எங்கே கைதான் தேவை என்பதில்தான் பாதி பாடுபட வேண்டியிருந்தது.

முதலில் அளவுகள்

லென்ஸ் இரண்டும் +5.00 டயாப்டர், அதாவது குவியத் தூரம் 200 மி.மீ. இரண்டு லென்ஸ்களின் மையத்துக்கும் இடையே 63 மி.மீ. அட்டையில் தொடுவானத்துப் புள்ளி ஒன்று இடது படத்திலும் வலது படத்திலும் சரியாக 63 மி.மீ. தள்ளி இருந்தால், கண்கள் இணையாக நேரே பார்க்கும். தொடுவானம் எல்லையில்லாத தூரத்தில் தெரியும். ஒரு பொருளைக் கிட்டே கொண்டுவர இந்த 63ஐக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைக்கிறோமோ அதற்கு விலகல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஒரே வரி: 200ஐ 63ஆல் பெருக்கி, பொருள் தெரிய வேண்டிய தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் மில்லிமீட்டரில். 5 மீட்டரில் நிறுத்த 2.5 மி.மீ., 10 மீட்டருக்கு 1.26, 50 மீட்டருக்கு வெறும் 0.25. பென்சில் கோட்டின் தடிமனே 0.3 மி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால், இனி வரும் தொல்லைகள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வருகின்றன என்பது புரியும்.

படச் சட்டம் ஒவ்வொன்றும் 59 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம், நடுவில் 1 மி.மீ. கறுப்புப் பட்டை. சட்டங்களின் மையங்கள் 60 மி.மீ. தள்ளி நிற்பதால் சட்டத்துக்கே 3 மி.மீ. விலகல் உண்டு. சட்டம் சுமார் 4.2 மீட்டரில் ஒரு ஜன்னலாகத் தெரியும். பிரமிடின் எந்த முனையும் 3 மி.மீ. விலகலைத் தாண்டாதபடி வைத்தால் அது ஜன்னலுக்கு அப்பால் அமைதியாக நிற்கும்.

கடல்

ஜார்ஜ்டவுனில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது எஸ்பிளனேட் திடல். அது ஒத்துவராது. அங்கிருந்து பார்த்தால் எதிரே தொடுவானம் இல்லை, பெருநிலம் இருக்கிறது: பட்டர்வொர்த் பக்கத்துக் கரை, வானம் தெளிந்த நாளில் கடாரத்து ஜெராய் மலை. பத்து ஃபிரிங்கியில் வடமேற்குப் பக்கம் திரும்பினால் வெறும் கடல் கிடைக்கும். தொடுவானத்தில் ஒரு கப்பல் நின்றால் நல்லது. அதன் பாய்மரக் கம்பமோ மேல்தட்டு முனையோ பிறகு அடையாளப் புள்ளியாக உதவும்.

ஒரே கேமராவை 6 செ.மீ. நகர்த்தி அடுத்தடுத்து இரண்டு படம் எடுக்கும் வழக்கமான முறை இங்கே தோற்கும். இரண்டு கிளிக்குக்கும் நடுவில் அலை நகர்ந்துவிடுகிறது. பெட்டியில் பார்த்தால் தண்ணீர் முழுக்கப் பொடி மின்னல். ஒரு கண் ஓர் அலையைக் காட்ட, மறு கண் வேறொன்றைக் காட்டி இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஒரே படத்தை இரண்டு பக்கமும் வைத்தால் சண்டை இல்லை, ஆனால் கடல் நாடகத் திரைபோல செங்குத்தாகத் தொங்கும்.

இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. கடல் சமதளம். சமதளத்தில் உள்ள எந்தப் புள்ளிக்கும், அது படத்தில் தொடுவானத்துக்கு எத்தனை மி.மீ. கீழே இருக்கிறதோ அதே விகிதத்தில்தான் விலகல் கூடும். 63ஐக் கேமராவின் உயரத்தால் வகுத்தால் அந்த விகிதம் வந்துவிடும். மணலில் நின்று கண் மட்டத்தில், 1.6 மீட்டர் உயரத்தில் எடுத்த படத்துக்கு 63 ÷ 1600, அதாவது 0.039. தொடுவானத்துக்குக் கீழே 25 மி.மீ. கடல் இருந்தால், படத்தின் அடி விளிம்பில் விலகல் ஏறக்குறைய 1 மி.மீ. தொடுவானத்தில் சுழி, அடியில் 1, நடுவில் நேர்கோடாக ஏற்றம். ஆக, வலது படத்தின் கடல் பகுதியை மட்டும் இடது பக்கம் 1 மி.மீ. சாய்த்து இழுத்தால் போதும், கடல் படுத்துவிடும். அலைகள் இரண்டு படத்திலும் ஒன்றேதான் என்பதால் மின்னலும் இல்லை.

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் செய்த முறை: 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 24 பிக்சல். தொடுவானத்திலிருந்து அடிவரை தேர்ந்தெடுத்து, தனி லேயராக்கி, சாய்த்து இழுக்கும் ஷியர் கருவியில் கிடைமட்டமாக 24 பிக்சல். இங்கே ஒரு பொறி. ஷியர் நடுவை அச்சாகக் கொண்டு திருப்புவதால் மேல் விளிம்பு 12 பிக்சல் ஒரு பக்கமும் அடி விளிம்பு 12 பிக்சல் மறுபக்கமும் போகும். லேயரை 12 பிக்சல் நகர்த்தித் தொடுவானத்தை மறுபடி பொருத்தாவிட்டால், கடல் படுத்தபடியே பார்ப்பவரை விட்டு அப்பால் போய்விடும். அடி விளிம்பு இடப்பக்கம் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். வலப்பக்கம் போயிருந்தால் கடல் கூரையாகி மறுபுறம் சரியும்.

கேமரா உயரத்தைச் சும்மா விடக்கூடாது. ஹோட்டல் மாடியில், 15 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் அதே 25 மி.மீ.க்கு விலகல் 0.1 மி.மீ.தான் வரும், படத்தின் அடியே 120 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஆழம் தெரிய வாய்ப்பில்லை. குந்தி உட்கார்ந்து 0.8 மீட்டரில் எடுத்தால் 2 மி.மீ. வரும், ஆனால் கடல் பிரமிடின் கால்வரை ஏறிவிடும். நின்றபடி எடுப்பதே நடுவாந்தரம். பாறை, படகு, மரம் எதுவும் முன்னால் வரக்கூடாது. சாய்த்து இழுத்த படத்தில் நிற்கும் பொருள் எல்லாம் பின்னால் மல்லாந்து விழும்.

கைப்பேசியில் 5 மடங்கு ஜூம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 120 மி.மீ. லென்ஸ் இருந்தால் அப்படியே பொருந்தும். 3 மடங்குதான் இருக்கிறது என்றால் நடுப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு அகலத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

பிரமிடு

மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை, இடுப்பில் நான்கு முனை. மொத்தம் ஆறு புள்ளி, பன்னிரண்டு கோடு. கையால் ஸ்டீரியோ வரைய இதைவிட நல்ல உருவம் இல்லை. வெளியில் நேராக உள்ள கோடு இரண்டு கண் படத்திலும் நேராகவே விழும் என்பதால், முனைகளைச் சரியாக வைத்துவிட்டு அளவுகோலால் இணைத்தால் கோட்டின் நடுப்பகுதி தானே சரியான ஆழத்தில் அமர்ந்துவிடும். ஒரு உருண்டையையோ ஆளையோ வரைவதென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்குப் போட வேண்டும்.

6 மீட்டர் தள்ளிச் சற்றே திரும்பி நிற்கும், இடுப்பு மூலைவிட்டம் 1 மீட்டர் உள்ள பிரமிடுக்கு நேர்மையாகக் கணக்குப் போட்டால், கிட்டத்து முனைக்கு 2.28, தூரத்து முனைக்கு 1.95 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 0.33 மி.மீ.தான். கோடு போடும் கையின் பிசகே 0.2 மி.மீ. இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்த அட்டையில் இடுப்புச் சதுரம் முறுக்கிய தகரம்போலத் தெரிந்தது இதனால்தான். இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். ஆழத்தை வேண்டுமென்றே நீட்ட வேண்டும். முனைகளைக் கண்ணால் வைக்காமல் திருகால் வைக்க வேண்டும்.

நீட்டிய கணக்கு இது: கிட்டத்து முனை 2.75, வலது முனை 2.25, இடது முனை 2.0, தூரத்து முனை 1.5, மேலும் கீழும் 2.0. எல்லாம் கால் மில்லிமீட்டர் படிகள். கீழ் முனை தொடுவானத்துக்கு 20 மி.மீ. கீழே வருகிறது, அந்த இடத்தில் கடலின் விலகல் 0.8. பிரமிடின் ஒவ்வொரு முனையும் அதே உயரத்தில் உள்ள கடலைவிடக் கூடுதல் விலகல் பெற வேண்டும். குறைந்தால் முனை தண்ணீருக்கு அடியில் போயும் தண்ணீர் வழியே தெரிகிற விபரீதம் நடக்கும், அதைக் கண் ஏற்காது.

திருகு எம்6 போல்ட். அதன் புரி இடைவெளி 1 மி.மீ., ஆகவே ஒரு முழுச் சுற்றுக்குப் படம் ஒட்டிய மேடை 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு 0.25. பலகை ஒன்றில் இரண்டு அலுமினிய எல் பட்டைகளை இணையாக அறைந்து, நடுவில் 6 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) மேடை ஒன்று வழுக்கும்படி வைத்தது. பலகையின் ஓரத்தில் எபாக்சியால் ஒட்டிய நட்டு வழியே 70 மி.மீ. போல்ட் வந்து மேடையைத் தள்ளும். எதிர்ப்பக்கமிருந்து இரண்டு ரப்பர் பேண்டு மேடையை போல்ட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும். ரப்பர் இல்லாவிட்டால் நட்டின் ஆட்டமே கால் மில்லிமீட்டரைத் தின்றுவிடும். போல்ட் தலைக்கு ஆறு முகம், அதைப் பார்த்துக் கால் சுற்று எண்ண முடியாது; நான்கு கோடு போட்ட அட்டை வட்டம் ஒன்றைத் தலையில் ஒட்டவும். எப்போதும் ஒரே திசையில் திருகி வந்து நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் ஒரு சுற்று பின்வாங்கி மறுபடி வரவும்.

மேடைக்கு மேலே, அசையாமல், பானக் குவளைத் தகரம் ஒரு துண்டு. அதில் மெல்லிய ஊசியால் ஏழு ஓட்டை: ஆறு முனைகள், ஏழாவது தொடுவானத்துக் கப்பலுக்கு. இடது படத்தை மேடையில் ஒட்டி, கப்பலை ஏழாவது ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து, ஆறு முனைகளையும் ஊசியால் குத்தியாயிற்று. வலது படத்தையும் அதேபோல் கப்பலில் சுழி வைத்து, பிறகு முனைக்கு முனை திருகி ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். படம் வலப்பக்கம் நகர வேண்டும், அப்போதுதான் குத்து படத்தில் இடப்பக்கம் விழும். கிட்டத்து முனைக்கு இரண்டே முக்கால் சுற்று, தூரத்து முனைக்கு ஒன்றரை.

ஒட்டிய பிறகு வெர்னியர் அளவி வைத்துச் சரிபார்க்கலாம்: கப்பலுக்குக் கப்பல் 63, தூரத்து முனைகள் 61.5, கிட்டத்து முனைகள் 60.25. எதிர்த்திசையில் திருகியிருந்தால் கிட்டத்து முனைகள் 65.75 காட்டும். அந்த அட்டையைப் பார்க்கக் கண்கள் வெளிப்பக்கம் விலக வேண்டிவரும், தலைவலிதான் மிச்சம்.

கிடைக்கோட்டுக்கு ஆழம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோடு முழுக்கக் கிடையாக இருந்தால், அது எவ்வளவு பக்கவாட்டில் நகர்ந்தது என்பதைக் கண் அதன் இரு நுனியில் மட்டுமே படிக்கும். இடுப்புச் சதுரம் கண் மட்டத்துக்கு அருகில் இருந்தால் நான்கு கோடும் ஏறக்குறையக் கிடையாகி உருவம் தட்டையாகிவிடுகிறது. கொஞ்சம் கீழே இறக்கிச் சதுரத்தைத் திறந்து காட்டவும். முனைகளில் பென்சில் கொஞ்சம் அழுந்தி நிற்கட்டும்.

தாளும் பென்சிலும்

பளபளப்பான புகைப்படத் தாளில் பென்சில் வழுக்கும். 200 கிராம் மேட் இங்க்ஜெட் தாள் நன்றாகப் பிடிக்கிறது. 0.3 மெக்கானிக்கல் பென்சிலில் எச்பி முனை. 4பி போன்ற மென்மையான முனை கறுப்பாக விழுந்தாலும், கிராஃபைட் பளபளப்பு இரண்டு கண்ணுக்கும் வேறு வேறாக அடித்து, கோடு மினுக்கும். கடலை அப்படியே அச்சிட்டால் கோடு அதில் அமிழ்ந்துபோகும். கறுப்பு வெள்ளையாக்கி, கடல் வெளிர் சாம்பலுக்கு வரும்வரை வெளுக்கச் செய்த பிறகுதான் பிரமிடின் கீழ்ப்பாதி தெரிந்தது.

பினாங்கு ஈரத்துக்குத் தாள் ஊறும், அதுவும் ஒரு திசையில் கூடுதலாக. இரண்டு படத்தையும் ஒரே தாளில், ஒரே திசையில் அச்சிட்டு, அதற்குப் பிறகு வெட்டினால் ஊறுவதும் சேர்ந்தே ஊறும். அட்டையில் ஒட்ட வெள்ளைப் பசை வேண்டாம், அலையலையாக எழும்பும். ஸ்ப்ரே பசை போதும். படங்களை 66 மி.மீ. அகலத்துக்கு அச்சிட்டு, உள்பக்க ஓரங்களை நறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்புத் தாளில் இரண்டு ஜன்னல் வெட்டி மூடினால் சாய்த்து இழுத்ததன் காலி ஓரமும் மறைந்துவிடும். இரண்டு படத்தின் தொடுவானமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 0.3 மி.மீ. ஏறி இறங்கினாலே கண் இழுக்கும்.

பெட்டி

கண்ணாடிக் கடையில் +5.00 வெட்டாத லென்ஸ் ஒரு ஜோடி வாங்கி, 40 மி.மீ. வட்டமாக வெட்டிக் கேட்டால் செய்து கொடுப்பார்கள். வெட்டுமுன் லென்ஸ்மீட்டரில் வைத்து மையப் புள்ளி இடச் சொல்லவும், அந்தப் புள்ளிதான் உயிர். லென்ஸ் மையங்கள் 63க்குப் பதில் 65இல் உட்கார்ந்தால் தொடுவானமே 2 மி.மீ. விலகல் பெற்று 6 மீட்டருக்கு வந்து நிற்கும். பார்ப்பவரின் கண் இடைவெளி பற்றிக் கவலை வேண்டாம். அட்டை சரியாகக் குவியத் தூரத்தில் இருக்கும்வரை ஒளி இணையாக வெளியே வருகிறது, 58 மி.மீ. கண்ணும் 68 மி.மீ. கண்ணும் ஒரே தொடுவானத்தைத்தான் பார்க்கும். 200 மி.மீ. என்பதை நம்பாமல், தூரத்து ஜன்னலைச் சுவரில் விழவைத்து அளந்துகொள்ளவும்.

மீதி எல்லாம் 5 மி.மீ. கறுப்பு ஃபோம் போர்டு. நடுவில் ஒரு தடுப்பு, மேலே டிரேசிங் தாள் போட்ட ஒளி ஜன்னல்.

லென்ஸும் வெட்டுக்கூலியும் 40 ரிங்கிட், தாள் கட்டு 25, போல்ட், பட்டை, எம்டிஎஃப் சேர்த்து 18, ஃபோம் போர்டு 8.

பெரிதாக்கினால்

பெட்டி ஒருவருக்குத்தான். சுவரில் மாட்டிப் பலரும் ஒருவர்பின் ஒருவராகப் பார்க்க வீட்ஸ்டனின் பிரதிபலிப்பு முறையே சரி: மூக்குக்கு முன்னால் இரண்டு கண்ணாடி 45 பாகையில், படங்கள் இரு பக்கமும் 60 செ.மீ. ஒளிப்பாதையில். எல்லா அளவும் மூன்று மடங்கு. கிட்டத்து முனைக்கு விலகல் 8.25 மி.மீ. ஆகிவிடுவதால் திருகு மேடை கூடத் தேவையில்லை, இரும்பு அளவுகோல் போதும். படங்களை இடவலம் திருப்பி அச்சிட வேண்டும், கண்ணாடி மறுபடி திருப்பிவிடும். திருப்பிய தாளின் மேல் வரைவதென்றால் நகர்த்தும் திசையும் திரும்பும் என்பதை மறக்கக்கூடாது.

முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி இங்கே கெடுக்கிறது. 3 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடியின் பின்பக்கப் பூச்சு ஒரு பிம்பம் தர, முன்பக்க மேற்பரப்பு மங்கலாக இன்னொன்று தரும். 45 பாகையில் இரண்டுக்கும் இடைவெளி 2.2 மி.மீ. பிரமிடின் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மொத்த வித்தியாசமே 3.75 மி.மீ. ஆகையால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தவறான ஆழத்தில் ஒரு பேய்க்கோடு நிற்கும். முன்பக்கம் பூச்சுள்ள கண்ணாடி வேண்டும். புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். பழைய ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் நீளப் பட்டையாக இருப்பது அதுதான், லோரோங் குலிட் சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ தேடலாம். கண்ணிலிருந்து 5 செ.மீ.யில் வைத்தால் 20 மி.மீ. உயரப் பட்டை போதுமானது. விரலால் தொட்டால் பூச்சு போய்விடும், துணியும் வேண்டாம்.

60 செ.மீ.யில் உள்ள படத்தைக் கூர்மையாகப் பார்த்துக்கொண்டே தொடுவானத்துக்குக் கண்ணை விரிப்பது நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிரமம். ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடி +1.50 ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் தீர்ந்தது. 1970களில் சால்வடோர் டாலியும் ஜோடி ஜோடியாக ஸ்டீரியோ ஓவியம் வரைந்தவர். பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் இதைச் செய்வது எவ்வளவு பொறுமை வேலை என்பது எட்டு மில்லிமீட்டரை அளவுகோலால் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவருக்கு இவை எதுவும் வேலை செய்யாது. அவருக்காகப் பக்கத்தில் ஒரு இசைத்தட்டு மேடை வைக்கலாம். டூஷாம்ப் 1935இல் அச்சிட்ட சுழல் வட்டுகள் 20 செ.மீ. விட்டம், மையம் விலகிய வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் சுற்றினால் வட்டு குழியாகவும் மேடாகவும் எழும்பும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அடுத்த அட்டைக்கு எம்6க்குப் பதில் எம்3 போல்ட். அதன் புரி 0.5 மி.மீ., கால் சுற்றுக்கு 0.125. அப்போது ஆழத்தை இவ்வளவு நீட்டாமல், அந்த நேர்மையான 0.33 மி.மீ.யையே மூன்று படியாகப் பிரித்து வைத்துப் பார்க்கலாம். பென்சிலும் 0.2க்கு மாற வேண்டும். எம்3 மெல்லிசு, 70 மி.மீ. நீளத்தில் வளையும், 30 மி.மீ. போல்ட்டும் ஒரு ரப்பர் பேண்டும் போதும் என்று தோன்றுகிறது.